ஜப்பானில் ரயில் ஓட்டுகிறவன்

மண்ணூர்பேட்டை
14.2.1992

அண்ணனுக்கு,

நீ ரயில் ஓட்டவில்லை. ஓடி ஓய்ந்த ரயிலைக் காஸ் கட்டர் வைத்து அறுக்கிறாய்.

சின்னப்பையன் போன வாரம் இங்கே வந்தான். உன்னோடு ஒரே அறையில் படுத்தவன். ஜப்பான் போலீஸில் மாட்டி, விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பப்பட்டவன். நீ கொடுத்தனுப்பிய பையைக் கொடுக்கத்தான் வந்தான். காபி கொடுத்தேன். "எங்க அண்ணன் ஓட்டுற வண்டியில நீங்க ஏறியிருக்கீங்களா?" என்று பேச்சுக்குக் கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்தான்.

"இன்னாமா சொல்ற? ரயிலு ஓட்றாரா? யாரு சொன்னது?"

"போட்டோ அனுப்பியிருக்காரே."

"அட, அதுவா! அறுக்கறதுக்கு மொத நாளு எடுத்ததுமா அது. அதே தொப்பிய வச்சிகினு நானும் ஒண்ணு எடுத்துக்கினேன்." சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்றதும் எழுந்து செருப்பை மாட்டினான். "நான் சொன்னேன்னு எழுதிடாதமா." எழுதிவிட்டேன்.

அந்தப் போட்டோவை அப்பா ஆவடி மார்க்கெட்டில் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, குவார்ட்டர்ஸ் ஹாலில் மாட்டியிருக்கிறார். வெள்ளைக் கையுறை, தொப்பி, கண்ணாடிக்குப் பின்னால் நீ. டாங்க் ஃபாக்டரியில் அவரோடு வெல்டிங் செய்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

அதனால் உனக்கென்ன என்று கேட்பாய். பாஸ்கரன் அங்கே வரத் துடிக்கிறார். இந்துப் பையனைக் கட்டிக்கொண்டேன் என்று அப்பா முதலிலேயே அவரை மதித்ததில்லை. இப்போது உன் போட்டோ வேறு. "என் பையன் ரயில் ஓட்டுறான், உன் வீட்டுக்காரர் என்னத்த ஓட்டுறாரு?" என்று எல்லார் எதிரிலும் கேட்கிறார். பாஸ்கரன் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறார். நல்ல டர்னர். அது போதும் எனக்கு. அவருக்குத்தான் போதவில்லை, உன்னால்.

அப்பாவுக்கு உண்மையை எழுது. உன் கையால் எழுது.

ரோஸி

*

5.3.1992

அன்புத் தங்கை ரோஸிக்கு,

சின்னப்பையனைக் குறை சொல்லமாட்டேன். அவன் இங்கே இருந்தபோது என் துணியும் சேர்த்துத் துவைத்தவன்.

ரயில் ஓட்டுவதாக நான் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. 'ரயில் வண்டிகளில் வேலை' என்றுதான் எழுதினேன். டிரைவர் ஆக்கியது அப்பா. நான் மறுத்து எழுதவில்லை, அவ்வளவுதான். இப்படி எழுதும்போதே எனக்குக் கூசுகிறது.

இங்கே ரயிலுக்கு ரசிகர்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் நடிகர்களுக்கு இருப்பது மாதிரி. அந்த வண்டி எங்கள் யார்டுக்கு வந்த அன்று பத்துப் பதினைந்து பேர் வந்து விளக்கையும் ஊர்ப் பலகையையும் விலைக்குக் கேட்டு வாங்கிப் போனார்கள். அதில் ஒருவர் தன் தொப்பியை எனக்கு வைத்து, கையுறையும் கொடுத்து, டிரைவர் சீட்டில் உட்காரவைத்துப் படம் எடுத்தார். பாவம், அன்பாகத்தான் செய்தார். நான்தான் அதை உறையில் போட்டு ஊருக்கு அனுப்பினேன்.

அந்த வண்டி எனக்கு அந்நியமில்லை ரோஸி. நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் நாள் ஏஜெண்ட் என்னை அதில்தான் ஏற்றினான். டீசல் எக்ஸ்பிரஸ். சிவப்பும் வெண்ணெய் நிறமும். கடலை ஒட்டியே ஓடும். ஒரு பெட்டி முழுக்கச் சாப்பாட்டு ஓட்டல், மேஜைக்கு வெள்ளைத் துணி. சுரங்கப் பாதையில் நுழையும்போது கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. கோட்டு போட்டிருந்தேன். அந்த முகத்தைப் பார்த்து, 'நீ பிழைத்துக்கொண்டாய்' என்று நினைத்தேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அந்தப் பாதையில் ஓடிய வண்டியாம். வேகமான புது வண்டி வந்ததும் இதைக் கழித்துவிட்டார்கள்.

அப்பா நவம்பரில் ரிட்டையர் ஆகிறார். ஃபாக்டரியில் மாலை போட்டு அனுப்புவார்கள். அதுவரை அவர் தலை நிமிர்ந்து நிற்கட்டும். உன்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

ராஜ்

*

மண்ணூர்பேட்டை
22.3.1992

அண்ணனுக்கு,

அப்பாவின் தலை நிமிர எத்தனை பேர் குனியவேண்டும்?

போன ஞாயிறு நாங்கள் குவார்ட்டர்ஸுக்குப் போயிருந்தோம். அப்பாவின் சினேகிதர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறி சத்தம் போட்டது. பாஸ்கரன் ஸ்டூல் மேல் ஏறி அதைக் கழற்றிச் சரிசெய்துகொண்டிருந்தார். அப்பா அவர்களிடம், "இவர் மாப்பிள்ளை. ஃபேன் ரிப்பேர் பண்ணுவாரு. அது என் பையன்" என்று போட்டோவைக் காட்டினார். அவர்கள் சிரித்தார்கள். பாஸ்கரனும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன். நீ பார்க்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது சொன்னார்: "நானும் போறேன் ரோஸி. உங்க அண்ணன் ரயிலு ஓட்றப்போ நான் அங்க ஒரு நட்டு போல்ட்டு முடுக்க மாட்டனா?"

உடனே உண்மையைச் சொன்னேன். சின்னப்பையன் சொன்னது, நீ எழுதியது எல்லாம். நம்பவில்லை. "அண்ணன் முன்னுக்கு வந்தா தங்கச்சிக்கு இன்னா வயித்தெரிச்சலு பாரு" என்றார். உன் கடிதத்தைக் காட்டினேன். படித்தார். "இது அடக்கமா எழுதறாரு. பெரிய ஆளுங்க அப்படித்தான்" என்றார். என்ன சொல்ல!

சனிக்கிழமை வேலையை விட்டுவிட்டார். பாரிமுனையில் யாரோ ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்தாகிவிட்டது.

இனி அப்பாவுக்கு எழுதினால் போதாது. பாஸ்கரனுக்கு எழுது. அங்கே என்ன வேலை, எப்படிப் படுக்கிறீர்கள், சின்னப்பையன் இங்கே வந்தபோது ஏன் அப்படி இருமினான், எல்லாம் எழுது. 'வராதே' என்று ஒரு வார்த்தை எழுது. நீ சொன்னால்தான் அவர் கேட்பார். தலைவிதி, உன்னைத்தான் நம்புகிறார்.

ரோஸி

*

20.4.1992

அன்புத் தங்கைக்கு,

பாஸ்கருக்கு எழுதிவிட்டேன். கவலைப்படாதே.

நீ கேட்டதை உனக்கும் எழுதுகிறேன். அந்த ரயிலில் மொத்தம் ஏழு பெட்டி. ஒன்றை மட்டும் லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் நெல் வயல் ஓரத்தில் வைத்து நூடுல்ஸ் கடை ஆக்கிவிட்டார்கள். பெயின்ட் அடித்து, படிக்கட்டு வைத்து, ஜன்னலுக்குத் திரை போட்டு. மற்றவை எங்களுக்கு. கண்ணாடி, சீட்டு எல்லாம் கழற்றியபிறகு நாங்கள் உள்ளே போவோம். உட்சுவர்த் தகட்டைப் பிரித்தால் வெள்ளையாகப் பஞ்சு. நம் ஊரில் கூரைக்குப் போடும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதே, அதுவே பஞ்சாக. சூடு உள்ளே வராமலிருக்க அடைத்திருக்கிறார்கள். கையால் வாரி மூட்டை கட்டவேண்டும். முகத்தில் துண்டு. ஜப்பான்காரர்கள் அந்த வேலை முடியும்வரை பெட்டிக்குள் வரமாட்டார்கள். வெளியே நின்று கை காட்டுவார்கள்.

இந்த வண்டியின் கடைசி ஓட்டத்தை நான் பார்த்தேன். பாதை எங்கள் யார்டுக்குப் பின்னால்தான் போகிறது. இரண்டு பக்கமும் கூட்டம். கையில் சின்னக் கொடி, கேமரா. ஒரு பெரியவர் ரயில் போன பிறகும் குனிந்து கும்பிட்டுக்கொண்டே நின்றார். பெண்கள் அழுதார்கள். நாங்கள் நாலு பேர் வேலி இந்தப் பக்கம் அதற்கு முன்னால் அறுத்த வண்டியின் பஞ்சு ஒட்டிய துணியோடு நின்றோம். எங்களை யாரும் பார்க்கவில்லை. ரயிலுக்கு அழத் தெரிந்த ஜனம் ரோஸி. கெட்டவர்கள் என்று சொல்ல முடியவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

எனக்கும் கொஞ்சம் இருமல். குளிர் விட்டால் சரியாகிவிடும்.

ராஜ்

*

மண்ணூர்பேட்டை
9.5.1992

அண்ணனுக்கு,

நீ பாஸ்கரனுக்கு எழுதியதைப் படித்தேன். அவரே எடுத்துக் கொடுத்தார். எவ்வளவு சந்தோஷமாகக் கொடுத்தார் தெரியுமா?

'மச்சான், வேலை கொஞ்சம் கஷ்டம்தான். வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். முதலாளியிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.'

இதுதான் நீ எழுதிய 'வராதே'.

எனக்குப் பஞ்சைப் பற்றி எழுதினாய். அவருக்கு முதலாளியைப் பற்றி எழுதினாய். இரண்டையும் எழுதியது ஒரே கை.

செவ்வாய்க்கிழமை பாங்காக் வழியாகப் போய்விட்டார். விமான நிலையத்துக்கு அப்பா வந்தார், இவரை வழியனுப்ப முதல்முறையாக. தோளில் கைபோட்டு, "ராஜ் சொல்றபடி கேளுங்க மாப்பிள்ளை" என்றார். மாப்பிள்ளை என்று வாய் நிறையக் கூப்பிட்டதும் அன்றைக்குத்தான். அதற்காகவே இவர் இன்னும் இரண்டு கடல் தாண்டுவார்.

ஏன் வரச் சொன்னாய்? பொய் சொல்லாமல் பதில் எழுது.

ரோஸி

*

15.6.1992

ரோஸிக்கு,

முதலாளி சொன்னார், "பெட்டிக்குள் வேலைக்கு உன் ஊரிலிருந்து ஒரு ஆளைக் கொண்டுவா, உன்னைக் கிரேனில் உட்காரவைக்கிறேன்." கிரேன் வெளியே இருக்கிறது. அங்கே பஞ்சு வராது. எனக்கு இருமல் நிற்கவில்லை ரோஸி. எச்சிலில் ரத்தம் பார்த்தேன். எப்படியும் பாஸ்கர் வரத்தான் போகிறார், யாரோ ஏஜெண்டிடம் போய் ஏமாறுவதற்கு என்னிடம் வரட்டுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதுதான் காரணம். இதற்குமேல் கேட்காதே.

அவர் வந்த அன்று ஸ்டேஷனிலிருந்து நேராக யார்டுக்குக் கூட்டிவந்தேன். வெள்ளைச் சட்டை, ஷூ, கையில் நீ கொடுத்த ஊறுகாய் பாட்டில்.

"இன்னா மச்சான், எங்க உன் ரயிலு?" என்றார்.

கையைக் காட்டினேன். பாதி அறுத்த பெட்டி நின்றது. அவர் சிரித்தார். "தமாஷு பண்ணாத மச்சான்" என்றார். அப்புறம் என் துணியைப் பார்த்தார். ஊறுகாய் பாட்டிலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

சாப்பிடும்போது ஒன்றே ஒன்று சொன்னார். "ரோஸி சொல்லிச்சி. நான்தான் நம்பல. நீயாவது ஒரு வார்த்த எழுதியிருக்கலாம்ல மச்சான்." திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். நான் கிரேனில் ஏறினேன்.

ராஜ்

*

மண்ணூர்பேட்டை
20.8.1992

அண்ணனுக்கு,

உன் கடிதம் கிடைத்தபிறகு உனக்கு எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன்.

பாஸ்கரனிடமிருந்து இதுவரை மூன்று கடிதம் வந்தது. முதல் இரண்டும் அவர் எழுதியது. கோணல் மாணலாக, பாதி விசாரிப்பு, பாதி கிண்டல். 'இங்க நண்டு நல்லா கீது, குழம்பு வைக்கத்தான் ஆளு இல்ல' என்று எழுதியிருந்தார். மூன்றாவது உன் கையெழுத்து. 'நான் நலம். நீயும் நலமாக இருக்கவும்.' பாஸ்கரன் எனக்கு 'இருக்கவும்' என்றெல்லாம் எழுதமாட்டார்.

நான் எஸ்டேட்டில் வேலை செய்கிறவள். லேத்துக்காரன் பெண்டாட்டி. ஷிஃப்ட் முடிந்து வருகிற ஆம்பிளையின் முகத்தை அப்புறம்தான் பார்ப்போம், முதலில் கையைப் பார்ப்போம்.

அவர் கைக்கு என்ன ஆயிற்று?

ரோஸி

*

10.9.1992

ரோஸி,

சாப்பாட்டுப் பெட்டி என்று எழுதினேனே, வெள்ளை மேஜைத்துணி போட்ட பெட்டி, அதைத்தான் அறுத்துக்கொண்டிருந்தோம். பக்கவாட்டுத் தகட்டைக் கிரேனில் கட்டித் தூக்கும்போது ஒரு பக்கம் விட்டுப்போயிற்று. அவர் அடியில் கை கொடுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். வலது கை. மணிக்கட்டுக்குக் கீழே நசுங்கிவிட்டது. கட்டைவிரல் மட்டும்தான் அசைகிறது.

கிரேனில் இருந்தது நான். எனக்கு யாரும் கிரேன் ஓட்டச் சொல்லித்தரவில்லை. உட்கார் என்றார்கள், உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும் என்று முதலாளி யாரோ தெரிந்த டாக்டரைக் கூட்டிவந்து தையல் போட்டார். புண் இன்னும் ஆறவில்லை. சீழ் வைக்கிறது. சாயந்திரமானால் காய்ச்சல்.

அதே வாரம் அந்த ரயிலின் எஞ்சின்களைக் கப்பலில் ஏற்றினார்கள். வேறு ஏதோ நாட்டில் இன்னும் ஓடுமாம். கிரீஸ் தடவி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, மரப்பெட்டியில் வைத்து, சீல் குத்திய காகிதம் ஒட்டி அனுப்பினார்கள். பாஸ்கர் படுத்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதுக்கு விசா கீது மச்சான்" என்றார்.

இங்கே ஒரு ஆபீஸ் இருக்கிறது. விசா முடிந்தவர்கள் அங்கே போய்த் தாங்களாகவே சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். வைத்தியமும் பார்ப்பார்கள் என்கிறார்கள். ஆனால் பாஸ்கர் வரமாட்டேன் என்கிறார். "உங்க நைனா மூஞ்சில இந்தக் கைய வச்சிகினு எப்படி முழிக்கிறது?" என்கிறார். எனக்கும் அதே பயம்தான். துரத்திவிடப்பட்டவன் என்று ஆவடியில் வந்து இறங்கவா? அப்பாவின் ரிட்டையர்மென்ட் முடியட்டும். நவம்பர்வரை பொறு.

ராஜ்

*

மண்ணூர்பேட்டை
29.9.1992

அண்ணனுக்கு,

நவம்பர்வரை புண் பொறுக்காது.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராகக் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அப்பா படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குக் கிடைத்த அதிர்ச்சி அவருக்கு இல்லை. நீயும் தெரிந்துகொள்.

"எனக்குத் தெரியும்" என்றார். "போட்டோவுல கையுறைக்கு மேல பார்த்தேன். மணிக்கட்டுல தீப்பொறி பட்ட பொட்டு. முப்பது வருஷமா காஸ் பிடிச்ச கைம்மா இது, எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுதான் மாட்டினீங்களா?"

"மாட்டினா என்ன இப்போ? நாலு பேரு பார்த்தாங்க. சந்தோஷப்பட்டாங்க."

"பாஸ்கரனும் பார்த்தார்" என்றேன்.

கடிதத்தை மடித்து என்னிடம் நீட்டினார். "யார்கிட்டயும் சொல்லிடாதம்மா, ஃபங்ஷன் முடியட்டும்" என்றார். நீ எழுதிய அதே வார்த்தை. நீயும் அவரும் பேசிவைத்துக்கொண்டா சொல்கிறீர்கள்?

அதனால் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆவடிக் கோயில் பூசையில் மன்றாட்டு வாசிக்க ஆள் வரவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். மழைக்காக, நோயாளிகளுக்காக என்று எழுதிக் கொடுத்ததை வாசித்தேன். கடைசியில் நானாக ஒன்று சேர்த்தேன். "ஜப்பானில் விசா இல்லாமல் ரயில் பெட்டி உடைக்கும் என் அண்ணன் கிறிஸ்துராஜுக்காகவும், அங்கே கை நசுங்கி வைத்தியம் இல்லாமல் கிடக்கும் என் கணவர் பாஸ்கரனுக்காகவும்." கோயிலில் பாதிப் பேர் 'ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்று சொல்ல மறந்துவிட்டார்கள். அப்பா முன் வரிசையில் இருந்தார். எழுந்து போகவில்லை. குனிந்தே இருந்தார்.

வெளியே வந்ததும் குவார்ட்டர்ஸில் பக்கத்து பிளாக் சகாயமேரி அக்கா பிடித்துக்கொண்டாள். "இன்னாடி இது, கோயில்ல வச்சா குடும்ப மானத்த வாங்குவ?"

"மானம் இருந்தா எடுத்துக்கோங்க, எனக்கு வேணாம். எனக்கு என் வீட்டுக்காரர் வேணும்" என்றேன்.

அவள் போனபிறகு இன்னொரு அம்மா வந்தாள். பட்டாபிராமிலிருந்து வருகிறவள், பேர்கூடத் தெரியாது. தன் மகனும் அங்கேதான் இருக்கிறான், கம்ப்யூட்டர் கம்பெனி என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள், ஏழெட்டு மாதமாகக் கடிதம் இல்லை என்றாள். "உங்க அண்ணனாண்ட கேட்டுப் பாக்கறியாமா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். மெதுவாகத்தான் கேட்டாள், யாருக்கும் கேட்டுவிடக்கூடாதாம்.

இனி இங்கே மறைக்க ஒன்றுமில்லை. ஆவடி முழுக்கத் தெரியும். அப்பா ரிட்டையர்மென்ட்டுக்கு மாலை போடுகிறவர்களுக்கும் தெரியும். உனக்கும் அவருக்கும் வெட்கப்படுவதற்கு மிச்சம் எதுவும் நான் வைக்கவில்லை. பாஸ்கரனைக் கேட்காதே. கூட்டிக்கொண்டு அந்த ஆபீஸுக்குப் போ.

ரோஸி

*

மண்ணூர்பேட்டை
25.10.1992

அண்ணனுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. ஒருவேளை கிடைக்கவில்லையோ என்று அதையே திரும்ப எழுதி ரிஜிஸ்டரில் அனுப்பினேன். அதற்கும் இல்லை. உன் முகவரியில் தபால் பெட்டி எண் மட்டும் இருக்கிறது. நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. இத்தனை கடிதத்தில் நீ ஊர் பெயரை எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்பாவும் எழுதச் சொன்னார். "கைதியா வந்தாலும் பரவாயில்ல, வரச்சொல்லு" என்றார். ஷிஃப்ட் முடிந்ததும் பஸ் பிடித்து இங்கே வந்து, தபால் வந்ததா என்று கேட்டுவிட்டுப் போகிறார். என் வீட்டுக்கு அவர் வருவது இப்போதுதான். உட்காரச் சொன்னால் உட்காருவதில்லை. பாஸ்கரனின் சட்டை ஆணியில் தொங்குகிறது, அதைப் பார்க்காமல் நிற்கிறார்.

நீ மன்னிப்பெல்லாம் எழுதவேண்டாம். கிரேனைப் பற்றியும் எழுதவேண்டாம். அதற்கு இன்னும் வருடங்கள் இருக்கின்றன, நேரில் கேட்டுக்கொள்கிறேன். இப்போது எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியவேண்டும்.

பாஸ்கரனை அந்த ஆபீஸுக்கு என்றைக்குக் கூட்டிப்போகிறாய்? தேதியை எழுது.

ரோஸி